ஓடாத பாம்பு: கண்ணாடி விரியன்

சாரைப்பாம்பு ஆள் அரவம் உணர்ந்ததும் ஓடிவிடும். கண்ணாடி விரியன் ஓடாது. புதருக்கடியிலோ, எலி வளையிலோ, கரையான் புற்றின் ஓரத்திலோ சுருண்டு கிடக்கும். ஆள் நெருங்கினாலும் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். அதன் வேட்டைக்கும், அதனால் நமக்கு வரும் ஆபத்துக்கும் வேர் இந்த அசையாமைதான்.

அடர்ந்த காடு அதற்கு ஒத்துவராது. புல்வெளி, முட்புதர்க்காடு, காட்டோரம், வயல்வரப்பு ஆகியவையே அதன் இடங்கள். பழுப்பு உடலில் கரிய விளிம்புள்ள புள்ளிகள் மூன்று வரிசையாக ஓடும். சருகும் நிழலும் கலந்த தரையில் உடலின் உருவமே கண்ணுக்குப் பிடிபடாது. மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுத்துக் கடிபட்டவர்களும் உண்டு. மறைவு பலிக்காதபோதுதான் சீறும். குக்கர் ஆவி விடுவதுபோன்ற அந்தச் சத்தம் கேட்டால், நின்று பின்வாங்குவதே நல்லது.

எலி நடமாடும் தடத்தருகே காத்திருந்து, ஒரே கொத்தில் நஞ்சைச் செலுத்திவிட்டு எலியை விட்டுவிடும். பிடித்து வைத்திருந்தால் எலியின் பல் பாம்பைக் கிழிக்கக்கூடும். எலி சற்றுத் தூரம் ஓடி விழும். பிறகு பாம்பு நாக்கை நீட்டி நீட்டி வாசனையைத் தொடர்ந்து போய், நிதானமாக விழுங்கும்.

இந்த நஞ்சு வேலை செய்யும் விதம் வியப்பானது. இரத்தம் உறைவது ஒரு தொடர்வினை. ஒரு புரதம் அடுத்ததைத் தூண்டும். கண்ணாடி விரியனின் நஞ்சு அந்தத் தொடரின் நடுவே புகுந்து, ஐந்தாம், பத்தாம் உறைதல் காரணிகள் எனப்படும் புரதங்களை நேரடியாக முடுக்கிவிடுகிறது. இரத்தக்குழாய்களுக்குள் தேவையில்லாத இடங்களிலெல்லாம் உறைதல் நடந்து, அதற்கான புரதங்கள் தீர்ந்துபோகின்றன. அதன் பிறகு இரத்தம் உறையவே உறையாது. ஈறில் கசியும், சிறுநீரில் வரும், சிறுநீரகமும் பழுதாகலாம். கடிவாயைக் கீறுவது ஏன் கொடிய தவறு என்பது இதிலிருந்தே விளங்கும்.

மருத்துவமனையில் செய்யும் சோதனை மிக எளிது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தத்தை எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் வழிந்தால் நஞ்சு முறிவு மருந்து தேவை. மருந்து நஞ்சைக் கட்டுப்படுத்தும். தீர்ந்துபோன புரதங்களைக் கல்லீரல்தான் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்குப் பல மணி நேரம் ஆகும்.

இதே நஞ்சு இரத்தக்கசிவை நிறுத்தவும் பயன்பட்டது. 1934-இல் லண்டனில் மக்ஃபர்லேன், பார்னெட் என்ற இருவர், இரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபீலியா என்ற நோய் உள்ளவர்களின் காயங்களில் நீர்த்த விரியன் நஞ்சைத் தடவி இரத்தத்தை நிறுத்தினார்கள். அந்த நோயாளிகளிடம் குறைவாக இருக்கும் காரணி, தொடரில் பத்தாம் காரணிக்கு முந்தையது. நஞ்சு அதைத் தாண்டிப்போய் வேலை செய்துவிடுகிறது.

கண்ணாடி விரியன் முட்டையிடாது, குட்டி போடும். ஓர் ஈற்றில் 20 முதல் 40 வரை சாதாரணம். பிறந்த கணத்திலேயே குட்டிக்கு நஞ்சு உண்டு. மழைக்காலத்தையொட்டிக் குட்டிகள் வெளிவரும் நாட்களில்தான் வயலில் நாற்று நடவும் களையெடுப்பும் நடக்கும். வெறுங்காலோடு இறங்குகிறவர் மிதித்துவிடுகிறார். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அந்த ஆய்வு தொகுத்துப் பார்த்த கடிகளில் 43 சதவீதம் கண்ணாடி விரியனுடையவை. முழங்கால் உயர ரப்பர் காலணியும் இரவில் ஒரு டார்ச்சும் இவற்றில் பலவற்றைத் தடுத்திருக்கும்.

ஒரு சிக்கல் இன்னும் தீரவில்லை. நஞ்சு ஊருக்கு ஊர் மாறும். இலங்கையிலும் தென்னிந்தியாவின் சில பகுதிகளிலும் இந்தப் பாம்பு கடித்தவர்களுக்கு, நாகப்பாம்பு கடித்ததுபோல இமைகள் தொங்கிவிடுவதுண்டு. ஆனால் முறிவு மருந்துக்கான நஞ்சு பெரும்பாலும் சென்னையை அடுத்த வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தே போகிறது. அந்த இருளர்களின் கைத்திறன் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனாலும் தமிழ்நாட்டுப் பாம்பின் நஞ்சில் செய்த மருந்து வடக்கே அதே அளவு பலிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்தந்தப் பகுதியிலும் நஞ்சு சேகரிக்கும் நிலையங்கள் வர வேண்டும்.