மூலைமட்டமும் ஒரு நூல் பிசகும்

கதவை நிலையில் மாட்டிய பிறகு, மேலே ஒரு மூலையில் தாள்கூட நுழையாமலும் மறு மூலையில் விரல் நுழையும்படியும் இடைவெளி விழுந்தால், மரம் முறுக்கிக்கொண்டது என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். மரம் முறுக்குவது உண்டுதான். ஆனால் பல நேரங்களில் குற்றம் மரத்தின்மேல் இல்லை. சட்டத்தை அறுப்பதற்கு முன் அதன்மேல் கோடு கிழித்த மூலைமட்டத்திலோ, அந்த மட்டத்தை வைத்துப் பிடித்த விதத்திலோ இருக்கிறது. தச்சுப் பட்டறையில் இதைவிட எளிமையான கருவி வேறு இருக்க முடியாது. நகரும் பாகம் எதுவும் இதில் இல்லை. இருந்தும், இதைச் சரியாகக் கையாளப் பழகுவதற்குள் ஒருவர் அளவியலின் பாதிப் பாடத்தைக் கற்றுவிடுகிறார்.

சாதாரண மூலைமட்டத்தில் தடித்த கட்டை ஒன்றும், அதிலிருந்து செங்குத்தாக நீளும் மெல்லிய எஃகுத் தகடு ஒன்றும் இருக்கும். கட்டை தகட்டைவிடத் தடிமனாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தகடு பலகையின்மேல் படிந்து கிடக்கும்போது, கட்டையின் உட்புறம் பலகையின் விளிம்பில் முட்டி நிற்க வேண்டும். அப்படி முட்டி நிற்கும் நீளம் முழுவதும் இடைவெளியின்றிப் பொருந்தினால்தான், கருவிக்குள் இருக்கும் 90 பாகைக் கோணம் மரத்துக்குப் பெயர்கிறது. மூலைமட்டம் செங்கோணத்தை உருவாக்குவதில்லை. தன்னிடம் இருப்பதைப் படியெடுத்துக் கொடுக்கிறது. ஆகவே அதனிடம் இருக்கும் பிழையும் அப்படியே படியெடுக்கப்படும்.

அந்தப் பிழை எவ்வளவு வளரும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் ஊர்த் தச்சர்கள் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொரு பங்கையும் ஒரு நூல் என்பார்கள். ஓர் அடி நீளமுள்ள தகட்டின் நுனி அரை நூல், அதாவது அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு, விலகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பாகைக் கணக்கில் இது 0.3 மட்டுமே, வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதே சாய்வை 7 அடி உயரமுள்ள கதவு நிலைக்கு நீட்டினால் மூன்றரை நூல் விலகல் வந்துவிடும். கோணப் பிழை நீளத்தோடு சேர்ந்து வளரும் பிழை. சிறு பெட்டி செய்யும்போது பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒரு மட்டம், கதவு செய்யும்போது காலை வாரிவிடுவது இதனால்தான்.

கருவி சரியாக இருந்தும் இதே பிழை வேறொரு வழியில் நுழையலாம். கட்டையின் நீளம் 10 சென்டிமீட்டர் என்றும், அதற்கும் பலகை விளிம்புக்கும் இடையில் ஒரு முனையில் 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள மரத்துகள் ஒன்று சிக்கிக்கொண்டது என்றும் கொள்வோம். அந்தத் துகள் கட்டையை அதே அளவுக்குத் தூக்கிச் சாய்க்கும். 20 சென்டிமீட்டர் தகட்டின் நுனியில் கோடு 0.4 மில்லிமீட்டர் விலகிவிடும். குட்டையான கட்டையும் நீளமான தகடும் சேர்ந்தால் இது இன்னும் மோசமாகும். அனுபவமுள்ள தச்சர் ஒவ்வொரு முறையும் மட்டத்தை வைப்பதற்கு முன் பலகை விளிம்பைக் கட்டைவிரலால் ஒருமுறை வழித்துவிடுவார். பார்ப்பவருக்கு அது வெறும் பழக்கதோஷமாகத் தோன்றும். சில மட்டங்களின் உள்மூலையில் ஒரு சிறு பள்ளம் வெட்டியிருப்பதும், மூலையில் சேரும் தூளும் பிசிறும் அதற்குள் ஒதுங்கிக்கொள்வதற்காகத்தான்.

இனி, கையில் இருக்கும் மட்டம் சரியானதுதானா என்பதை எப்படி அறிவது? அதைவிடத் துல்லியமான வேறொரு மட்டத்தோடு ஒப்பிடலாம் என்றால், அந்த மட்டத்தை எதனோடு ஒப்பிடுவது என்ற கேள்வி வரும். இந்தச் சிக்கலை அவிழ்க்கும் வழி அந்தக் கருவிக்குள்ளேயே இருக்கிறது. தச்சுத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த வடிவியல் இதுதான். நேரான விளிம்புள்ள ஒரு பலகையை எடுத்துக்கொண்டு, மட்டத்தின் கட்டையை அந்த விளிம்பின் இடப்பக்கமாக வைத்துத் தகட்டின் வெளி ஓரத்தை ஒட்டிக் கூரான பென்சிலால் ஒரு கோடு கிழிக்க வேண்டும். பிறகு மட்டத்தைப் புரட்டி, கட்டை வலப்பக்கம் வருமாறு வைத்து, விளிம்பில் முதல் கோடு தொடங்கிய அதே புள்ளியிலிருந்து இரண்டாவது கோட்டைக் கிழிக்க வேண்டும். நேர்கோட்டின்மேல் ஒரு புள்ளியில் இருபுறமும் அமையும் கோணங்களின் கூட்டு 180 பாகை. இரண்டு கோணங்களும் ஒரே கருவி தந்தவை என்பதால் இரண்டும் சமம். மட்டம் சரியாக 90 பாகை என்றால் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே கோடாகத் தெரியும். 89.7 பாகை என்றால் நடுவில் 0.6 பாகைக்கு ஒரு பிளவு திறக்கும். அதாவது, நாம் தேடும் பிழை இரட்டிப்பாகிக் கண்ணுக்குத் தெரிகிறது.

பிளவு விழுந்துவிட்டது என்றால் அடுத்து அது எந்தப் பக்கத்துப் பிழை என்று பார்க்க வேண்டும். கட்டை இடப்பக்கம் இருந்தபோது கிழித்த கோடு மேலே போகப் போக இடப்பக்கமே சாய்ந்தால் உட்கோணம் 90க்குக் குறைவு. வலப்பக்கம் சாய்ந்தால் அதிகம். எந்தக் கோடு எப்போது கிழித்தது என்பதை மறந்துவிடாமல் ஒரு குறி போட்டுக்கொள்வது நல்லது. பலகையின் விளிம்பு வளைந்திருந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். புது பிளைவுட்டின் வெட்டுப்படாத ஓரம் பெரும்பாலும் போதுமான அளவு நேராக இருக்கும். கடையில் மட்டம் வாங்கும்போதே இப்படிப் புரட்டிப் பார்த்து வாங்குவதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை; விலையையும் பளபளப்பையும் பார்த்து வாங்குவதைவிட அது புத்திசாலித்தனம்.

பிசகிய மட்டத்தை எறிந்துவிடவும் வேண்டாம். ஒரே எஃகுத் தகட்டில் எல் வடிவத்தில் வெட்டிய பெரிய மட்டம் என்றால், மூலையில் 'பஞ்ச்' எனும் கூர்முனை எஃகுக் கம்பியை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சரிசெய்யலாம். உள்மூலைக்கு அருகில் தட்டினால் அங்குள்ள உலோகம் நசுங்கிப் பரவி இரண்டு கைகளையும் அகற்றும், கோணம் விரியும். வெளிமூலைக்கு அருகில் தட்டினால் கோணம் சுருங்கும். ஒரு தட்டு, ஒரு சோதனை என்று போக வேண்டும். வெயிலில் கிடந்து சூடேறிய எஃகு மட்டம் கோணம் மாறிவிடுமோ என்று சிலர் அஞ்சுவார்கள். உலோகம் எல்லாத் திசையிலும் ஒரே விகிதத்தில் விரிவதால், முழுவதும் சமமாகச் சூடேறிய மட்டம் அளவில் மிகச் சிறிது பெரிதாகுமே தவிர வடிவம் மாறாது. மரத்தால் செய்த மட்டத்துக்கு இந்த உத்தரவாதம் இல்லை. ஈரப்பதம் ஏறும்போது மரம் நார் ஓடும் திசையைவிடக் குறுக்குவாட்டில் பல மடங்கு உப்பும்.

மட்டம் சரி, அடுத்து மரம். நான்கு பக்கமும் உள்ள ஒரு சட்டத்தைச் சுற்றிக் கோடு கிழிக்கும்போது, புதிதாகப் பழகுபவர்கள் ஒரு பக்கத்தில் கிழித்து, சட்டத்தை உருட்டி, அடுத்த பக்கத்தில் அந்தக் கோட்டின் முனையிலிருந்து தொடர்ந்து, இப்படியே சுற்றி வருவார்கள். நான்காவது கோடு முதல் கோட்டில் போய்ச் சேராமல் அரை நூல் தள்ளி நிற்கும். ஒவ்வொரு பக்கத்தின் சிறு கோணலும் அடுத்த பக்கத்துக்குக் கடத்தப்பட்டு, நான்கும் கூடிவிட்டதே காரணம். தேர்ந்த தச்சர்கள் முதலில் இழைப்புளியால் ஒரு முகத்தைத் தட்டையாக்கி, அதற்குச் செங்குத்தாக அடுத்த விளிம்பையும் சீவி, அந்த இரண்டிலும் பென்சிலால் அடையாளம் போட்டுவிடுவார்கள். அதன் பிறகு எந்தப் பக்கத்தில் கோடு கிழித்தாலும், கட்டை அந்த இரண்டு பக்கங்களில் ஒன்றின்மேல்தான் முட்டி நிற்கும். மற்ற இரண்டு பக்கங்கள் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் கோடுகள் சேர்ந்துவிடும்.

கோட்டின் தடிமனையும் கவனிக்க வேண்டும். மழுங்கிய பென்சிலின் கோடு ஒரு மில்லிமீட்டர் வரை பருமனாகும். அதன் எந்த ஓரத்தில் அறுப்பது என்பதிலேயே பிழை வந்துவிடும். இரு மரங்களை இணைக்கும் நாக்கும் துளையும் இறுக்கமாகப் பொருந்த வேண்டிய இடத்தில் கூரான கத்தியால் கீறுவதே சிறந்தது. கத்தியின் தட்டையான பக்கம் தகட்டோடு ஒட்டியும், சாய்வான பக்கம் கழிவுப் பகுதியை நோக்கியும் இருந்தால், கீறலின் ஒரு சுவர் சுத்தமான செங்குத்தாக அமையும். அந்தச் சுவருக்குத் தடிமன் என்று எதுவும் இல்லை. கத்தி மேற்பரப்பு நார்களை முன்கூட்டியே வெட்டிவிடுவதால் ரம்பம் ஓடும்போது பிசிறும் எழாது. பின்னர் உளியின் முனையும் தானாக அந்தக் கீறலில் போய் அமரும்.

அளப்பதையும் கோடு கிழிப்பதையும் ஒரே கருவியில் இணைத்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த லராய் ஸ்டாரட். 1879இல் காப்புரிமை பெற்ற அவருடைய மட்டத்தில், அளவுகோல் ஒன்று கட்டையின் காடிக்குள் வழுக்கி நகர்ந்து, திருகை முடுக்கியதும் வேண்டிய இடத்தில் நிற்கும். கட்டையின் ஒரு பக்கம் 90 பாகையும் மறு பக்கம் 45 பாகையும் தரும். அளவுகோலை இரண்டு அங்குலத்துக்கு வெளியே இழுத்து முடுக்கி, அதன் நுனியில் பென்சிலை வைத்து, கட்டையைப் பலகை விளிம்போடு இழுத்துச் சென்றால், விளிம்புக்கு இணையான கோடு கிடைத்துவிடும். ஒருமுறை அமைத்த அளவைப் பத்து சட்டங்களுக்கு மறுபடி படிக்காமல் மாற்றலாம் என்பதுதான் இதன் உண்மையான பலம். எண்ணைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் தவறுக்கு ஒரு வாய்ப்பு. நகரும் பாகம் வந்துவிட்டதால் காடியில் தூசி சேர்ந்தால் கோணம் கெடும் என்ற பலவீனமும் கூடவே வந்தது. புரட்டிப் பார்க்கும் சோதனை இதற்குத்தான் அடிக்கடி தேவைப்படும்.

வீட்டு மூலை போன்ற பெரிய இடங்களில் கையடக்க மட்டம் போதாது. அங்கே 3, 4, 5 கணக்கு உதவும். ஒரு சுவர்க்கோட்டில் 3 அடியும் மறு கோட்டில் 4 அடியும் குறித்து, இரண்டு குறிகளுக்கும் இடையே 5 அடி இருந்தால் மூலை செங்கோணம். மூன்று, நான்கு, ஐந்து அடி நீளமுள்ள மூன்று கோல்களை முனையோடு முனை சேர்த்தால் பிழையற்ற மூலைமட்டம் கிடைக்கும் என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி, அந்தப் பெருமையைப் பித்தாகரஸுக்குக் கொடுத்திருக்கிறார். எகிப்தில் தேர் எல் மெதினா என்ற ஊரில், சென்னெட்ஜெம் என்ற கைவினைஞரின் கல்லறையில் கிடைத்த மர மூலைமட்டம் அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மூத்தது.

பொருத்தி முடித்த கதவு நிலையைச் சரிபார்க்க இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து ஒப்பிடுவார்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்தால் மட்டுமே இந்தச் சோதனை செல்லும். மேல் அகலம் கீழ் அகலத்தைவிடக் குறைந்த, இரு பக்கமும் ஒரே அளவு சாய்ந்த நிலையிலும் மூலைவிட்டங்கள் சமமாகவே வரும். ஆகவே முதலில் அகலங்களை அளக்க வேண்டும். 7 அடிக்கு 3 அடி நிலையின் மேற்பகுதி 4 நூல் பக்கவாட்டில் சாய்ந்திருந்தால், மூலைவிட்டங்களுக்கு இடையே 3 நூலுக்குச் சற்றே கூடுதலான வேறுபாடு தெரியும். டேப்பில் எளிதாகப் படித்துவிடக்கூடிய அளவு அது.

கூரை வேலைக்கு வரும்போது மூலைமட்டம் கணக்குப் போடும் கருவியாகவே மாறுகிறது. 1819இல் வெர்மான்ட் மாநிலத்துக் கொல்லர் சைலஸ் ஹாஸ் காப்புரிமை பெற்ற எஃகு மட்டத்தின் வழிவந்த அமெரிக்கக் கூரை மட்டத்தில், ஒரு கை 24 அங்குலமும் மறு கை 16 அங்குலமும் இருக்கும். ஒவ்வொரு 12 அங்குலக் கிடைத்தொலைவுக்கும் 5 அங்குலம் ஏறும் கூரை வேண்டும் என்றால், நீண்ட கையில் 12ஐயும் குட்டைக் கையில் 5ஐயும் கைமரத்தின், அதாவது கூரையைத் தாங்கும் சாய்வு மரத்தின், ஒரே ஓரத்தில் பொருத்தி வைத்தால் போதும். நீண்ட கையை ஒட்டிக் கிழிக்கும் கோடு கூரை ஏறிய பிறகு கிடையாகவும், குட்டைக் கையை ஒட்டிய கோடு செங்குத்தாகவும் இருக்கும். பாகைமானி தேவையே இல்லை. இரண்டு எண்களுக்கும் இடையே ஓரத்தில் விழும் நீளம் 13 அங்குலம். கிடைத்தொலைவு 10 அடி என்றால் மட்டத்தைப் பத்து முறை நகர்த்தி வைக்க 130 அங்குலம், அதாவது 10 அடி 10 அங்குலம் கிடைக்கும்.

அப்படி நகர்த்தி வைக்கும்போது ஒவ்வொரு முறையும் அரை நூல் பிசகினால் பத்தாவது முறையில் ஐந்து நூல் ஆகிவிடும் என்பதால், மொத்த நீளத்தை டேப்பால் ஒருமுறை அளந்து ஒப்பிட்டுக்கொள்வது அவசியம். கூரையின் உச்சியில் ஓடும் முகட்டு வளை என்ற மரத்துக்கு இடம் விடவும் வேண்டும். கைமரத்தின் உச்சியில் கிழித்த செங்குத்துக் கோட்டிலிருந்து வளையின் பாதித் தடிமனைக் கழிக்க வேண்டும். அந்தப் பாதியைக் கைமரத்தின் சரிவோடு அளக்காமல், மட்டத்தின் ஒரு கையைச் செங்குத்துக் கோட்டில் பொருத்தி, அதற்கு நேர்க்குறுக்காக அளந்து, இரண்டாவது கோட்டை இணையாகக் கிழித்து, அதன்மேல்தான் ரம்பத்தை வைக்க வேண்டும்.