கேமரா ஆடினால் காது என்ன செய்யும்?

"படம் பார்த்து வாந்தி எடுத்தேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் லேசாகச் சிரிக்கப் பார்த்தார். கூட வந்த கணவர் முந்திக்கொண்டு சத்தமாகவே சிரித்தார். வீட்டில் புதிதாக ப்ரொஜெக்டர் வாங்கியிருக்கிறார்கள். ஹால் சுவர் முழுக்கப் படம் விழும்படி வைத்து, விளக்கையெல்லாம் அணைத்து, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 'க்ளோவர்ஃபீல்ட்' என்கிற ஹாலிவுட் ராட்சசப் படத்தைப் போட்டிருக்கிறார் கணவர். அரை மணி நேரத்தில் இவருக்கு வாயெல்லாம் எச்சில் ஊறி, குப்பென்று வியர்த்து, பாத்ரூமுக்கு ஓடியதுதான். மறுநாள் மத்தியானம் வரை தலை ஒரு நிலைக்கு வரவில்லையாம். ராட்சசனைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்பது கணவரின் கண்டுபிடிப்பு. மாமியார் பித்தம் என்றிருக்கிறார். மெடிக்கல் ஷாப்பில் லோ பிபியாக இருக்கும் என்று ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

நான் ஒன்றுதான் கேட்டேன். குமட்டல் ஆரம்பித்தது ராட்சசன் வந்த பிறகா, அதற்கு முன்பேயா? கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பார்ட்டி நடக்குதே, அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு."

படம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பார்ட்டியில் பயப்பட எதுவுமே கிடையாது. ஜப்பானுக்கு வேலைக்குப் போகப்போகும் நண்பனை வழியனுப்ப நியூயார்க்கின் மன்ஹாட்டன் வீடு ஒன்றில் இளவட்டங்கள் கூடியிருக்கிறார்கள், குடிக்கிறார்கள், அரட்டை அடிக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் ஹட் என்கிற ஒருத்தன் கையில் வீடியோ கேமரா இருக்கிறது, அந்தக் கேமரா காட்டுவதுதான் நமக்குப் படம். அவன் திரும்பினால் நாமும் திரும்ப வேண்டும். அவன் குனிந்தால் நாமும் குனிய வேண்டும்.

இந்தப் பெண்ணுக்கு நடந்தது புதிதல்ல. 2008 ஜனவரி 18 அன்று அமெரிக்காவில் இந்தப் படம் வெளியானபோதே, பாதியில் எழுந்து போனவர்கள், தலையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தவர்கள், வாந்தி எடுத்தவர்கள் என்று ஏகப்பட்ட பேர். ஏ.எம்.சி. திரையரங்குகள் சிலவற்றில், ரோலர் கோஸ்டரில் ஏறினால் வருகிற மாதிரி தலைசுற்றலும் குமட்டலும் வரலாம் என்று நோட்டீஸே ஒட்டினார்கள். முதல் வார இறுதியில் ஏறக்குறைய 4 கோடி டாலர் வசூல் செய்த படம், அடுத்த வார இறுதியில் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. படம் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் வாசலிலேயே கருத்துக் கேட்கும் சினிமாஸ்கோர் கணக்கில் கிடைத்தது வெறும் 'சி' கிரேடு. இதற்கெல்லாம் குமட்டலே காரணம் என்று சொல்ல மாட்டேன். ராட்சசனை ஒழுங்காகவே காட்டவில்லை, முடிவு மொட்டையாக இருக்கிறது என்று திட்டியவர்களும் நிறைய. தூசி மண்டலத்துக்குள் ஜனங்கள் ஓடுவதைப் பார்த்ததும் 2001 செப்டம்பர் 11 இரட்டைக் கோபுரத் தாக்குதல் நினைவுக்கு வந்து நெஞ்சடைத்தவர்களும் உண்டு. நியூயார்க்கில் அப்போது அது ஏழு வருஷம்கூட ஆகாத ரணம். அது வேறு வகை வேதனை, அதை என் துறைக்குள் இழுக்கப்போவதில்லை.

சரி, காதுக்கு வருவோம். கேட்பதற்கு மட்டும்தான் காது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்களும் இரண்டு சின்னப் பைகளும் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று குழாய்களும், முன்னே பின்னே மேலே கீழே எப்படி நகர்கிறோம், எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்று பைகளும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். படத்தில் ஹட் ப்ரூக்ளின் பாலத்தில் தலைதெறிக்க ஓடுகிறான். நாமும் ஓடுகிறோம் என்கிறது கண். காதோ, "யார் ஓடுறா? சோபாவுல சாஞ்சுதான் உட்கார்ந்திருக்கோம்" என்கிறது. இரண்டையும் ஒத்துப்பார்க்க முடியாமல் மூளை திணறுவதுதான் இந்தக் குமட்டலுக்குப் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். உள்காதின் இந்தச் சமநிலைப் பகுதி இரண்டு பக்கமும் அடியோடு செயலிழந்தவர்களுக்குப் பயண வாந்தி வருவதில்லை. ஆக, வாந்தி எடுத்த மனைவிக்குக் காது வேலை செய்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். (சிரித்த கணவருக்கும் வேலை செய்கிறது, பயப்பட வேண்டாம் என்று சேர்த்துச் சொன்னேன்.)

பஸ்ஸில் வாந்தி எடுப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு ஏறினாலும் டிரைவருக்கு ஒன்றும் ஆகாது, பின் சீட்டுக்காரர்தான் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கிடப்பார். அடுத்து எந்தப் பக்கம் திருப்பப்போகிறோம் என்பது டிரைவருக்கு முன்கூட்டியே தெரியும், அவர் மூளை அதற்குத் தயாராக இருக்கும். வீட்டு விசேஷத்தை நீங்களே மொபைலில் ஆட்டி ஆட்டி எடுக்கும்போது தலை சுற்றாது, அதையே பெரிய டி.வி.யில் மச்சான் போட்டுப் பார்த்தால் அவருக்குச் சுற்றும். இந்தப் படத்தில் ஸ்டியரிங் ஹட் கையில். தியேட்டரில் உட்கார்ந்த அத்தனை பேரும் பின் சீட்டு.

அப்படியானால் ஏன் எல்லோருக்கும் வரவில்லை? ஒற்றைத் தலைவலி இருப்பவர்களுக்கு அதிகம் வரும், நான் முதலில் விசாரிப்பதே அதைத்தான். இந்தப் பெண்ணுக்கும் மாதத்தில் இரண்டு தடவை வலி உண்டு, சின்ன வயதில் ஏற்காடு போகும் வழியெல்லாம் வாந்தி. ஆண்களைவிடப் பெண்களுக்கும், பெரியவர்களைவிடப் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்கும் இது அதிகம். தூக்கம் கெட்ட நாளில் இன்னும் எளிதாக வரும்.

திரை எவ்வளவு பெரிதாகக் கண்ணை நிறைக்கிறதோ அவ்வளவு தொந்தரவு. அதனால் இப்படிப்பட்ட படத்துக்குக் கடைசி வரிசைகளில் நடுவில் உட்காருங்கள், தலையைச் சீட்டில் நன்றாகச் சாய்த்து வையுங்கள். வீட்டில் என்றால் ஒரு விளக்கு எரியட்டும், சுவரும் அலமாரியும் கண்ணில் படுவது நல்லது, ஆடாத ஒன்று பக்கத்தில் இருக்கிறது என்று மூளைக்குத் தெரியும். திடீரென்று கொட்டாவி, எச்சில் ஊறல், சில்லென்ற வியர்வை, இதெல்லாம் முதல் எச்சரிக்கை மணி. அப்போதே கண்ணை மூடிக்கொள்ளுங்கள் அல்லது திரையை விட்டு எக்ஸிட் போர்டைப் பாருங்கள். டிக்கெட் காசு வீணாகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பவர்கள்தான் மறுநாள் வரை கஷ்டப்படுகிறார்கள். பயண வாந்தி மாத்திரை, அது ஒத்துக்கொள்கிறவர்களுக்கு, அரை மணி ஒரு மணி நேரம் முன்பே போட்டால்தான் பயன், வாந்தி வந்த பிறகு விழுங்கினால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். அது தூக்கம் வரவழைக்கும், ஆகவே போட்டுவிட்டு வண்டி ஓட்டக்கூடாது. மாத்திரை போடாவிட்டாலும், தலை தெளியாமல் தியேட்டர் வாசலிலிருந்து பைக்கை எடுக்காதீர்கள்.

இதுவரை சொன்னது படத்தோடு போய்விடுகிறவர்களுக்கு. நான் உண்மையில் கவலைப்படுவது இன்னொரு வகையினரைப் பற்றி, படமே போடாமல் தினமும் இப்படி அவதிப்படுகிறவர்கள். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒருவர் கழுத்தில் பட்டையோடு வந்தார். ஏழெட்டு மாதம் முன்பு மூன்று நாள் கட்டிலைவிட்டு எழ முடியாத தலைசுற்றல். அது சரியான பிறகும், அடுக்கி வைத்த சேலைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் தள்ளுகிறது, சூப்பர் மார்க்கெட்டுக்குள் போக முடியவில்லை, மொபைலில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தால் குமட்டுகிறது. கழுத்து எலும்பு தேய்மானம் என்று யாரோ சொல்ல, பட்டையும் மாத்திரையுமாக ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊரில் தலைசுற்றல் என்றாலே கழுத்து எக்ஸ்ரே எடுத்துவிடுகிறார்கள், நாற்பது வயதுக்கு மேல் யார் எக்ஸ்ரேயிலும் ஏதாவது தேய்மானம் தெரியத்தான் செய்யும். இவருக்கு நடந்தது வேறு. ஒரு பக்கக் காதின் சமநிலை நரம்பு வீங்கி அடங்கியிருக்கிறது, அந்தக் காதை நம்ப முடியாமல் போன மூளை முழுப் பாரத்தையும் கண் மேல் போட்டுவிட்டது. கண் முன்னால் எது ஆடினாலும் ஆளே ஆடுகிறார்.

தலைசுற்றல் மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவது இங்கே எதிராகத்தான் போகும். மூளை தானாகப் பழகிக்கொள்வதை அவை தாமதப்படுத்தும், சின்னாரிசின், ப்ரோகுளோர்பெரசின் போன்றவை நீண்ட நாள் போனால் வயதானவர்களுக்குக் கை நடுக்கமும் நடைத் தளர்ச்சியும்கூட வரலாம். இவருக்குப் பட்டையைக் கழற்றி, மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தி, பயிற்சி கொடுத்தோம். நீட்டிய கட்டைவிரலைப் பார்த்தபடியே தலையை இடவலமாகத் திருப்ப வேண்டும். அது பழகியதும், ஓடும் கோடுகள், கூட்டத்துக்குள் நடந்தபடி எடுத்த வீடியோ என்று முதலில் அரை நிமிடம், பிறகு ஒன்று, இரண்டு. ஆமாம், குமட்ட வைக்கிற அதே ஆட்டம்தான், அளந்து கொடுக்கிறோம். மூன்று மாதத்தில் சேலை அடுக்குக்கு நடுவே நடக்க ஆரம்பித்தார்.

தலைசுற்றலோடு பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் இழுத்தாலோ, நிற்கவே முடியாமல் போனாலோ, இதுவரை இல்லாத தலைவலி வந்தாலோ, திடீரென்று ஒரு காது அடைத்துப்போனாலோ இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஒற்றைத் தலைவலிக்குத்தான் வைத்தியம் பார்த்தேன். ஒன்றரை மாதம் கழித்து வந்தவர், மிச்சப் படத்தையும் பார்த்துவிட்டதாகச் சொன்னார். ஹால் விளக்கைப் போட்டுவிட்டு, தூரத்தில் டைனிங் டேபிளில் உட்கார்ந்து, பூண்டு உரித்துக்கொண்டே. பெயர்ப் பட்டியலைத் தள்ளிவிட்டால் ஒன்றேகால் மணி நேரத்துக்கும் குறைவான படம் அது. எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"அந்த ராட்சசனை நல்லா காட்டவே இல்லையே டாக்டர்" என்றார்.