நர்ஸ், சிஸ்டர், செவிலியர்: எது கூப்பிடுற பேரு, எது தகுதி?

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரில கொஞ்ச நேரம் நின்னாலே போதும், ‘சிஸ்டர் ட்ரிப் முடிஞ்சிட்டு, சிஸ்டர் டாக்டர் எப்ப வருவாவ’ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். ஆம்பளையா இருந்தா பிரதர். கிராமத்துல தடுப்பூசிக்குப் பிள்ளையளக் கூப்பிட வாறவங்க நர்ஸம்மா. பேப்பர்ல மட்டும் செவிலியர். இதுல எது சரின்னு நர்சிங் படிக்கிற பிள்ளைங்களே கேக்காவ.

நர்ஸ்ங்கிற சொல்லோட வேர் லத்தீன்ல, ஊட்டி வளர்க்கிறதுன்னு அர்த்தம். பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தப்போ அடுத்தவ பிள்ளைக்குப் பால் கொடுத்து வளக்குறவளத்தான் அது குறிச்சுது, நோயாளியப் பாத்துக்கிறவங்கன்னு ஆனது அதுக்குப் பிறகு. இப்ப நம்ம பக்கம் பாருங்க, சங்கப் பாட்டுல தலைவியப் பெத்தவ நற்றாய், வளத்தவ செவிலித்தாய், அந்தச் செவிலியோட மகதான் தோழி. தொல்காப்பியத்துலயே செவிலி உண்டு. ஆக ரெண்டு சொல்லும் பிள்ளைய வளத்த கையில இருந்துதான் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கு, இவ்வளவு பொருத்தமா ஒரு தமிழ்ச்சொல் அமையிறது அபூர்வம், எனக்கு இதுல ரொம்பப் பெருமை. இலங்கையில தாதி, தாதியர்ம்பாங்க, அதுவும் நல்ல சொல்லுதான்.

சிஸ்டர் வந்தது கன்னியாஸ்திரிகள் நோயாளிகளப் பாத்துக்கிட்ட வழக்கத்துல இருந்து. பிரிட்டிஷ் ஆஸ்பத்திரில வார்டு பொறுப்புல இருக்கவங்களோட பதவிப்பேராவும் ஆச்சு. நம்ம ஊர்ல அது மரியாதையாக் கூப்பிடுற பேரு, அவ்வளவுதான், தகுதியச் சொல்லாது.

தகுதியச் சொல்றதுலதான் குழப்பம். ‘எங்க மக ஆஸ்பத்திரில வேலை பாக்கா’ன்னு வீட்டுலயே மழுப்பிச் சொல்லுதாவ, ஏன் மழுப்பணும்? ஏ.என்.எம். (ஆக்சிலரி நர்ஸ் மிட்வைஃப், துணைச் செவிலியர் படிப்பு) 2 வருஷம், ஜி.என்.எம். (ஜெனரல் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி) 3 வருஷ டிப்ளமோ, பி.எஸ்ஸி. நர்சிங் 4 வருஷ டிகிரி, மூணும் வேற வேற, எது படிச்சமோ அதப் பேரோட சொல்லணும். ஆர்.என்.ங்கிறது ரெஜிஸ்டர்டு நர்ஸ், அது டிகிரி கிடையாது, பதிவு. ஜி.என்.எம்.மோ பி.எஸ்ஸி.யோ முடிச்சிட்டு தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில்ல பதிவு பண்ணினாத்தான் பேருக்குப் பின்னால ஆர்.என்., ஆர்.எம். (ரெஜிஸ்டர்டு மிட்வைஃப்) போட முடியும், அந்தக் கவுன்சில் 1926-ல வந்த மெட்ராஸ் சட்டத்துப்படி அமைஞ்சது. தமிழ்ல பதிவுபெற்ற செவிலியர்னு சொல்லலாம், ஆர்.எம்.முக்குப் பதிவுபெற்ற பேறுகாலச் செவிலியர். எழுதும்போது படிப்ப முதல்லயும் பதிவப் பின்னாலயும் போடுறது அமெரிக்க வழக்கம், ஏன்னா வாங்கின டிகிரி நிலைச்சு நிக்கும், பதிவ அப்பப்போ புதுப்பிக்கணும். இங்க உள்ள ஆர்.என்.ன வச்சு வளைகுடாவுலயோ லண்டன்லயோ நேரா வேலைக்குச் சேர முடியாது, அந்தந்த நாட்டுல தனியாப் பதியணும், அதனால பயோடேட்டாவுல எந்த கவுன்சில் பதிவுன்னு கூடவே எழுதிருங்க.

ஆம்பளைங்களச் செவிலியர்னு சொல்லலாமான்னா தாராளமாச் சொல்லலாம். செவிலி பழைய பாட்டுல பொம்பளதான், ஆனா -அர் சேந்த செவிலியர் இப்ப ரெண்டு பேருக்கும் பொது. அதே நேரம் கிளினிக்ல மாத்திரை எடுத்துக் குடுக்க நிக்கிற, படிப்போ பதிவோ இல்லாத பிள்ளைய நர்ஸ்ன்னு சொல்லாதீங்க, உதவியாளர்னு சொன்னா அந்தப் பிள்ளைக்கும் குறைச்சல் இல்ல, ஊசி போட வாறது யாருன்னு நோயாளிக்கும் தெளிவாத் தெரியும்.