ஸ்பாட்டிங் ஸ்கோப்: ‘குறிநோக்கி’ வேண்டாம், களநோக்கி போதும்

போன மாதம் அக்கா மகனுக்கு ஒரு பார்சல் வந்தது. 50 மீட்டர் ரைஃபிள் பயிற்சிக்குப் போகிறவன். பயிற்சியாளர் ஸ்பாட்டிங் ஸ்கோப் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். இவனும் ஒரு இணையக் கடையில் ‘குறிநோக்கி’ என்று தமிழில் போட்டிருந்ததைப் பார்த்து வாங்கிவிட்டான். பெட்டியைப் பிரித்தால் ஒரு கறுப்புக் குழல், கூடவே திருகாணி வைத்த இரண்டு உலோக வளையங்கள். துப்பாக்கியின் முதுகில் பூட்டுவதற்கான வளையங்கள். குழலுக்குள் பார்த்தால் நடுவில் சிலுவைக் கோடு. வந்திருந்தது துப்பாக்கித் தொலைநோக்கி. அவனுக்கு வேண்டியது முக்காலியில் நிற்கிற ஒன்று. அதே கடை அந்தப் பொருளுக்கும் ‘குறிநோக்கி’ என்றே பெயர் வைத்திருந்தது. திருப்பி அனுப்பிப் பணம் கைக்கு வர மூன்று வாரம் ஆயிற்று.

இந்தச் சொல்லை இதற்கு முன்பும் நிறைய இடங்களில் பார்த்து எரிச்சலோடு கடந்து போயிருக்கிறேன். இனி முடியாது.

முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஸ்பாட்டிங் ஸ்கோப் என்பது ஒற்றைக் கண்ணால் பார்க்கும் சிறிய தொலைநோக்கி. வானத்தைப் பார்க்கிற தொலைநோக்கியில் உருவம் தலைகீழாகத் தெரிந்தாலும் குற்றமில்லை. இதில் உள்ளே முப்பட்டகம் வைத்து நேராக்கியிருப்பார்கள். சுடுகிறவர்களுக்கு, சுட்ட குண்டு தாளில் எங்கே பாய்ந்தது என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்கத்தான் இது. 50 மீட்டர் இலக்கின் கறுப்பு வட்டம் 112.4 மில்லிமீட்டர் அகலம். 0.22 அங்குலக் குண்டு போடும் துளை சுமார் 5.6 மில்லிமீட்டர். வெள்ளையில் விழுந்தாலாவது பரவாயில்லை, கறுப்பில் விழுந்த துளை வெறுங்கண்ணுக்குத் தட்டுப்படாது. பெரிய போட்டிகளில் இப்போது மின்னணு இலக்குதான், பக்கத்துத் திரையிலேயே எல்லாம் வந்துவிடும். தாளில் பழகுகிறவர்களுக்கு இந்தக் குழல் இல்லாமல் ஆகாது.

சொல்லின் பிறப்பு சுருக்கமானது. ‘ஸ்கோப்’ கிரேக்க மூலம், பார்த்தல் என்ற பொருள். 1611இல் ரோமில் நடந்த ஒரு விருந்தில் கலிலியோவின் கருவிக்கு தெமிசியானி என்ற கிரேக்க அறிஞர் ‘டெலஸ்கோப்’ என்று பெயர் சூட்டினார். அதன் பின்பாதிதான் பிறகு தனியாக உலவ ஆரம்பித்தது. ‘ஸ்பாட்’ என்றால் புள்ளி, கறை. அதுவே வினையாக வந்தால், தேடியதைக் கண்டுகொள்வது. அவ்வளவுதான்.

இப்போது குறிநோக்கிக்கு வருவோம். தமிழில் குறிபார்ப்பது எப்போது? அடிப்பதற்கு முன்பு. மாங்காய்க்குக் கல்லெறிகிற பையனைக் கேட்டாலும் சொல்வான். குறிவைத்தான், குறி தப்பியது, குறிபார்த்து அடித்தான் என்று எந்த வழக்கை எடுத்தாலும் எறிகிறவன் கையில் கல்லோ வில்லோ துப்பாக்கியோ இருக்கிறது. ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்கு வேலை வருவது பெரும்பாலும் அடித்து முடித்த பிறகு. அதைக் கொண்டு யாரும் குறிபார்ப்பதில்லை, குறிபார்க்கவும் முடியாது. துப்பாக்கி மேல் உட்கார்ந்து குறிபார்க்க உதவுகிறதே, அந்தக் கருவிக்குத்தான் குறிநோக்கி என்ற பெயர் அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்தும். அதற்கே கொடுத்துவிடலாம்.

‘குறி என்றால் அடையாளமும்தானே, தாளில் விழுந்த துளையும் ஓர் அடையாளம்தானே’ என்று ஒரு நண்பர் வாதாடினார். அகராதிப்படி சரி. ஆனால் துப்பாக்கிக்குப் பக்கத்தில் குறி என்று சொன்னால் எந்தத் தமிழ்க் காதுக்கும் அடையாளம் என்று கேட்காது. இன்னொருவர் கிரேக்கத்துக்கே போய்விட்டார்: அங்கே ‘ஸ்கொபோஸ்’ என்றால் பார்ப்பவன் என்றும் பொருள், இலக்கு என்றும் பொருள் என்றார். உண்மைதான். அதனால் என்ன? கிரேக்கனுக்கு இருந்த இரட்டைப் பொருளைத் தமிழ் வாசகன் ஏன் சுமக்க வேண்டும்?

இதில் சொல்லழகைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. துப்பாக்கியில் பூட்டிய கருவி வழியே எதைப் பார்த்தாலும் துப்பாக்கியின் வாய் அந்தப் பக்கம்தான் திரும்பும். வெறுமனே எட்டிப் பார்க்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது சுடுகிறவர்கள் முதலில் கற்கும் பாடங்களில் ஒன்று. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் அந்தப் பாடத்தைப் பெயரே குழப்பிவிடும்.

குறிநோக்கியாவது யோசித்துச் செய்த தவறு. மாற்றி வந்த பொருளின் கையேட்டில் யோசனையே இல்லை. ஒரே பக்கத்தில் ‘புள்ளி நோக்கம்’, நாலு வரி தள்ளிக் ‘கண்டறியும் வரம்பு’, அடியில் ‘ஸ்பாட்டிங் வாய்ப்பு’. ஸ்கோப் என்ற சொல்லுக்கு அகராதியில் உள்ள எல்லாப் பொருளையும் ஒரே தாளில் கொட்டியிருக்கிறார்கள். மொழிபெயர்த்தவர் பெட்டிக்குள் இருந்ததை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டார். சொல்லைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தமிழ்த் துண்டு ஒட்டுகிற இந்தப் பழக்கத்தால் தமிழ் கையேடு என்றாலே ஆட்கள் ஆங்கிலப் பக்கத்தைத் திருப்புகிறார்கள். வருத்தமாக இருக்கிறது.

துளைநோக்கி என்று ஒரு காலத்தில் நானே எழுதினேன். துளை வழியாகப் பார்ப்பது போலத் தொனிக்கிறது; தவிர, பறவை பார்ப்பவர்களும் இதே கருவியைத்தான் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஏது துளை? ஒருகண்நோக்கி என்றால் கையில் பிடிக்கிற குட்டிக் குழலோடு குழம்பும்.

களநோக்கி என்பதே என் முடிவு. சுடுகளம், பறவை பார்க்கிற களம் இரண்டுக்கும் ஒத்துப்போகிறது. இன்னொரு காரணமும் உண்டு. இங்கிலாந்தின் பிஸ்லி போன்ற சுடுகளங்களில் 1000 கெஜம் தள்ளிச் சுடும்போது துளை குழலிலும் சரியாகத் தெரியாது. இலக்கடியில் பள்ளத்தில் இருப்பவர்கள் துளையில் ஒரு வட்டத் தட்டைச் செருகிக் காட்டுவார்கள். சுடுகிறவர் குழலின் குவியத்தை இலக்குக்குக் கொஞ்சம் முன்னால் வைத்து, வெக்கையில் காற்று நெளிகிற கானலைப் பார்ப்பார். அது எந்தப் பக்கம் நோக்கி ஓடுகிறதோ, அந்தப் பக்கம் நோக்கித்தான் காற்றும் வீசுகிறது. அப்போது அவர் பார்ப்பது குறியை அல்ல, களத்தை.

வாங்கும்போதும் எந்தக் களம் என்றுதான் கேட்க வேண்டும். குழலில் ‘20-60 x 60’ என்று போட்டிருந்தால் 20 முதல் 60 மடங்கு உருப்பெருக்கம், பொருளருகு லென்சு, அதாவது முன்பக்க லென்சு, 60 மில்லிமீட்டர் அகலம். லென்சை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம்: 20 மடங்கில் 3 மில்லிமீட்டர், 60 மடங்கில் வெறும் 1. படம் மங்கிவிடும், வெயிலில் கானலும் சேர்ந்து பெருகும். 50 மீட்டருக்கு 20, 25 மடங்கே தாராளம். படுத்துச் சுடுகிறவர்கள் கண்வைக்கும் பகுதி சாய்வாக இருப்பதை வாங்கினால் ரைஃபிளைத் தோளிலிருந்து எடுக்காமல் தலையை லேசாகத் திருப்பினாலே போதும்.

அக்கா மகன் இப்போது வாங்கியிருப்பது சாய்வானதுதான். நேற்று அவன் சுட, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொன்னேன்: “களநோக்கில தெளிவா தெரியுதுடா, ஒன்பது, மூணு மணிப் பக்கம்.” ஒன்பதாம் வட்டம், கடிகாரத்தில் மூன்று இருக்கும் வலப்பக்கம் என்று அர்த்தம். களநோக்கி என்ன சொல் என்று அவன் கேட்கவில்லை. ரைஃபிளில் கண்ணருகே இருக்கும் பின்குறியின் திருகை இரண்டு சொடுக்கு திருப்பிவிட்டு அடுத்ததைச் சுட்டான்.