சௌவின்: அறுவடையும் அல்ல, கல்லறையும் அல்ல

அக்டோபர் கடைசி வாரம் வந்துவிட்டால், அயர்லாந்தின் பழைய விழாவான சௌவினைப் பற்றி 'செல்டிக் மக்களின் அறுவடைத் திருநாளான சம்ஹைன்' என்ற வரி தமிழில் எங்கிருந்தாவது முளைத்துவிடும். ஐந்து சொல், மூன்று பிழை.

முதல் பிழை சிறியது. 'செல்டிக்' என்பது கிளாஸ்கோ கால்பந்து அணியின் பெயர். அயர்லாந்து உள்ளிட்ட ஐரோப்பியப் பகுதிகளின் பழைய மக்களைக் குறித்தால் கெல்ட், கெல்டியர்.

'சம்ஹைன்' என்பது Samhain என்ற ஐரிஷ் சொல்லை ஆங்கிலம் போல எழுத்துக் கூட்டிப் படித்ததால் வந்தது. ஐரிஷ் எழுத்தில் மெய்யை அடுத்து வரும் 'ஹ' தனி ஒலி அல்ல. முந்தைய மெய் நெகிழ்வதைக் காட்டும் குறி அது. 'ம்' நெகிழ்ந்தால் 'வ்' ஆகும். ஆகவே சௌவின், வேகமாகச் சொன்னால் சௌன். நவம்பர் மாதத்துக்கும் ஐரிஷில் இதே பெயர்தான்.

சொற்பிறப்பு: இடைக்கால ஐரிஷ் நூலோர் இதைக் கோடை என்னும் 'சம்', முடிவு என்னும் 'ஃபுன்' எனப் பிரித்தார்கள். 1897இல் பிரான்சின் கொலிஞியில் கிடைத்த பழைய கெல்டிய வெண்கல நாட்காட்டியில், இதோடு தொடர்புபடுத்தப்படும் 'சமோனியோஸ்' என்றொரு மாதம் உண்டு. சௌவின் என்ற சொல்லுக்குக் 'கூடுகை' என்று பொருள் கொள்வோரும் இருக்கிறார்கள்.

இனி அந்த 'அறுவடை'. அயர்லாந்தில் அறுவடை தொடங்கும் விழா ஆகஸ்ட் 1, லூனசா. பொங்கலோடு ஒப்பிட்டே தீரவேண்டும் என்பவர்கள் அங்கே போகட்டும். சௌவின் அறுவடைக்கான கடைசிக் கெடு. அதற்குப் பிறகு புதரில் நிற்கும் கறுப்புப் பெர்ரியைத் தொடக்கூடாது, பூக்கா என்னும் குறும்புப் பூதம் அதில் துப்பிவிடும் என்பார்கள். அந்த நாளின் மையம் கதிர் அல்ல, மாடு. மே 1, பெல்டனை விழாவில் மலை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போன மந்தை சௌவினுக்குள் ஊர் திரும்பும். புல் வளர்வது நிற்கும். இருக்கும் தீவனம் எல்லா மாட்டுக்கும் காணாது. கன்று ஈனவும் பால் தரவும் வேண்டியவற்றை நிறுத்திக்கொண்டு மற்றவற்றை வெட்டி உப்பிடுவார்கள். விருந்தில் இறைச்சி நிறைந்ததற்குக் காரணம் இதுதான். பிற்காலத்தில் குத்தகைப் பணம், வேலையாள் ஒப்பந்தம் ஆகியவற்றின் தவணைகளும் மே, நவம்பர் என்றே விழுந்தன. இதில் 'அறுவடைத் திருநாள்' எங்கே இருக்கிறது?

இன்னொரு கூட்டம் 'கல்லறைத் திருநாள்' என்கிறது. அது தமிழ்க் கத்தோலிக்கர் நவம்பர் 2இல் கல்லறைக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டுபோகும் நாள். உயிருள்ள சொல், அதை ஏன் பிடுங்க வேண்டும்? பழைய ஐரிஷ் கதைகளில் சௌவின் இரவு திறப்பவை 'ஷீ' எனப்படும் மேடுகள். ரொஸ்காமன் மாவட்டத்து ராத்குரோகனில் உள்ள பூனைக் குகை அப்படியொரு வாசல். வெளியே வருவோர் முதன்மையாக மேட்டுக்குள் வாழும் வேற்றுலகத்தார். செத்தவர்களின் ஆவி என்று சுருக்கிவிட முடியாது. 'சம்ஹைன் மரணக் கடவுள்' என்பதோ வெறும் கட்டுக்கதை. 18ஆம் நூற்றாண்டில் சார்ல்ஸ் வலன்சி என்னும் பழமை ஆய்வாளர் கிளப்பியது. அப்படியொரு கடவுள் ஐரிஷ் மரபில் இல்லை. நம்மவர்கள் இன்னும் அதையே மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரியான தமிழ்? 'கோடை முடிவு' பொருளுக்கு ஒத்தாலும், படிப்பவருக்குக் கத்திரி வெயில் ஓய்ந்த ஆறுதல்தான் தோன்றும். அங்கே கோடை என்பது புல்லும் பாலும் பெருகும் பருவம். ஐப்பசி, கார்த்திகைக்குரிய 'கூதிர்' மாதக் கணக்கில் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அது நம் மழையைக் கூடவே இழுத்து வரும். என் தேர்வு 'வேனிலிறுதி'. வேனிலில் இளவேனிலும் அடங்குவதால் சூடு குறைவு. முதல் முறை 'சௌவின் என்னும் வேனிலிறுதி நாள்' என்று எழுதுங்கள். பிறகு சௌவின் போதும். தேதி சொல்லும்போது அக்டோபர் 31 பொழுது சாய்ந்ததிலிருந்து நவம்பர் 1 வரை என்க. கெல்டியருக்கு நாள் பிறப்பது இரவில்.

மேட்டில் வாழ்வோரைத் 'தேவதைகள்' ஆக்கிச் சிறகு ஒட்டவும் வேண்டாம். 'மேடுறையோர்' எனலாம். 'மேட்டுக்குடியினர்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், கதை கிளப்புக்குப் போய்விடும்.