திரையில் தெரியாத இறக்கைகள்: ஹேங் கிளைடர்கள் பறக்கும் இடத்தில் சிறு விமானம் ஓட்டுவோருக்கு

ஹாஃப் மூன் பே விமான நிலையத்திலிருந்து கடற்கரையை ஒட்டி வடக்கே, கோல்டன் கேட் பாலத்தை நோக்கிப் பறப்பது, சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் விமானம் ஓட்டக் கற்கும் பலரும் விரும்பிச் செய்யும் பயணம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில், பயிற்சி மாணவர் ஒருவருடன் செஸ்னா 172 விமானத்தில் அந்தப் பாதையில் போய்க்கொண்டிருந்தேன். மேகம் தாழ்ந்திருந்ததால் நாங்களும் இறங்கியே பறந்தோம். ஃபோர்ட் ஃபன்ஸ்டன் குன்று நெருங்கியபோது, அங்கே ஹேங் கிளைடர்கள் இருக்கும், கவனியுங்கள் என்றேன். (ஹேங் கிளைடர் என்பது, ஒருவர் படுத்தவாக்கில் தொங்கிப் பறக்கும், எஞ்சின் இல்லாத துணி இறக்கை.) மாணவர், அருகில் பறக்கும் விமானங்களைக் காட்டும், தொடையில் கட்டியிருந்த ஐபேடைக் குனிந்து பார்த்துவிட்டு, “திரையில் யாருமே இல்லையே, சார்” என்றார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள், என் பக்கத்துச் சன்னலுக்கு வெளியே, எங்களுக்குச் சற்றுக் கீழே, ஆரஞ்சு நிறத் துணி ஒன்று சாய்ந்து திரும்பியது. அதனடியில் குப்புறப் படுத்தவாக்கில் தொங்கிய மனிதரின் தலைக்கவசமும் கையுறையும்கூடத் தெரிந்தன. அவர் முகம் கடலைப் பார்த்திருந்தது. நாங்கள் அங்கே இருந்தது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆனால் அதன்பின் பல நாள் என்னை உறுத்திய கேள்வி, எச்சரித்த நானே ஏன் அவ்வளவு தாமதமாகப் பார்த்தேன் என்பதுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை கிடைக்கிறது. எதிரே ஒன்று வருவதைக் கண்டு, அது இன்னதென்று அறிந்து, மோதும் பாதையில் இருக்கிறோம் என்று உணர்ந்து, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுத்து, கை அசைந்து, விமானம் அதற்குக் கட்டுப்பட்டுத் திரும்புவதற்கு 12.5 விநாடிகள் ஆகும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. தன் ஆலோசனைக் குறிப்பில் சொல்கிறது. 110 நாட் (மணிக்கு 110 கடல் மைல்) வேகத்தில் செல்லும் செஸ்னா விநாடிக்கு ஏறத்தாழ 57 மீட்டர் கடக்கும். எதிரே மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஹேங் கிளைடரின் 11 மீட்டரையும் சேர்த்தால், 850 மீட்டருக்கு அப்பால் இருக்கும்போதே அது நம் கண்ணில் பட்டாக வேண்டும். அந்தத் தொலைவில் பத்து மீட்டர் நீளமுள்ள இறக்கை, முழுநிலவின் அகலத்தைவிடச் சற்றே பெரிதாகத் தெரியும். கேட்பதற்கு இது போதும் போலத்தான் இருக்கிறது. ஆனால் நேர் எதிரே வரும் ஹேங் கிளைடர் நிலவைப் போல வட்டமாக இருப்பதில்லை. அவ்வளவு அகலத்துக்கு இழுத்துக் கட்டிய ஒற்றை நூலாகத்தான் இருக்கும். அது சாய்ந்து திரும்பும் கணத்தில் துணி முழுவதும் பளிச்சென்று தெரிந்து, நேரானதும் மறுபடி மறைந்துபோகும். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும், அந்த நூலை மேகத்தின் சாம்பல் நிறத்தில் கண்டுபிடிப்பது அரிது.

இதில் இன்னொரு வஞ்சகமும் உண்டு. மோதும் பாதையில் உள்ள பொருள் நம் விமானத்தின் முன்கண்ணாடியில் நகர்வதே இல்லை. ஒரே இடத்தில் புள்ளியாக நின்று, கடைசிச் சில விநாடிகளில் மட்டும் திடீரெனப் பெரிதாகும். நகரும் பொருளை நோக்கித்தான் நம் கண் இயல்பாகத் திரும்பும் என்பதால், ஆபத்தில்லாத விமானங்களை எளிதில் கண்டுவிடுகிறோம். ஆபத்தானது கண்ணாடியில் ஒட்டிய பூச்சி போலக் கிடக்கிறது. கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் அது ஒளிந்துவிட்டால் கதை முடிந்தது. தலையைச் சற்று முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கும்படி பயிற்றுநர்கள் நச்சரிப்பது இதற்காகத்தான்.

ஹேங் கிளைடரில் இருப்பவருக்கும் நிலைமை இதைவிட மேலானதன்று. குன்றின் மேல் போய் அவர்களோடு பேசியபோதுதான் இதை முழுமையாகப் புரிந்துகொண்டேன். அவர் முகம் தரையைப் பார்க்கப் படுத்திருக்கிறார். தலைக்கு மேலே துணி. பின்பக்கம் சுத்தமாகத் தெரியாது. நம் செஸ்னாவுக்கோ இறக்கை மேலே இருப்பதால், திரும்பும் பக்கத்தை அந்த இறக்கையே மறைக்கிறது. அவரைவிட ஐந்து மடங்கு வேகமாகப் பின்னாலிருந்து வருவது பெரும்பாலும் நாம்தான். தலைக்கவசத்தில் இரையும் காற்றில், நம் எஞ்சின் ஒலி காதில் விழும்போது நாம் ஏற்கெனவே பக்கத்தில் வந்திருப்போம். ரேடியோவில் அறிவிக்கலாமே என்றால், அவர்களில் பெரும்பாலோர் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அலைவரிசை வேறு, நம்முடையது வேறு.

மோதினால்தான் ஆபத்து என்றும் இல்லை. சிறு விமானம் பின்னால் விட்டுச்செல்லும் சுழல் காற்று, உடைந்த அலை போல ஹேங் கிளைடரைக் கவிழ்த்துவிடக்கூடும். அவர்களிடம் அவசரப் பாராசூட் இருக்கும். ஆனால் ஃபன்ஸ்டன் போன்ற சுமார் 200 அடிக் குன்றின் முகப்பில் அது விரிவதற்கு உயரம் போதாமல் போகலாம். கவிழ்த்தவருக்கு நடந்தது தெரியாது. அவர் அதற்குள் பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்.

“யாருக்கு முன்னுரிமை?” என்று மாணவர்கள் கேட்பார்கள். அமெரிக்க விமான விதிகளின் பகுதி 103-இன்படி ஹேங் கிளைடர் என்பது அல்ட்ராலைட், அதாவது மிக இலகுவான வாகனம். எஞ்சின் இல்லாதது 155 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால் பதிவு வேண்டாம், ஓட்டுநருக்கு அரசு உரிமம் வேண்டாம், டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்குத் தன் இருப்பைச் சொல்லும் கருவி) வேண்டாம். ஆனால் எல்லா விமானங்களுக்கும் அதுதான் வழிவிட வேண்டும். பிரிட்டனிலோ அது எஞ்சின் இல்லாமல் மிதந்து பறக்கும் விமானமான கிளைடராகவே கருதப்படுவதால், எஞ்சினுள்ள விமானம் அதற்கு வழிவிட வேண்டும். இரண்டு விதிகளும் ஒருவர் மற்றவரைப் பார்த்துவிட்டார் என்ற அனுமானத்தின் மேல்தான் நிற்கின்றன. விநாடிக்கு 11 மீட்டர் நகரும் துணி, 57 மீட்டர் வேகத்தில் முதுகுப்பக்கம் வரும் உலோகத்துக்கு எப்படி வழிவிடும்? சட்டம் நம் பக்கம் என்பதற்காக அதில் சாய்ந்துகொள்வதை நான் ஏற்பதில்லை.

கருவிகளை நம்புவோருக்கு இரண்டு நிகழ்வுகளைச் சொல்வது வழக்கம். 2006 ஆகஸ்ட் 28 அன்று நெவாடாவில், சுமார் 16,000 அடி உயரத்தில், ஹாக்கர் ஜெட் ஒன்றும் கிளைடர் ஒன்றும் மோதின. கிளைடரில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது. பேட்டரியை மிச்சப்படுத்த அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கிளைடர் விமானி பாராசூட்டில் குதித்தார், ஜெட் சிதைந்த மூக்கோடு தரையிறங்கியது, எல்லோரும் பிழைத்தனர். 2021 டிசம்பர் 21 காலை, டெக்சாஸின் ஃபுல்ஷியர் அருகே செஸ்னா 208 சரக்கு விமானமும், பாராசூட் போன்ற துணி இறக்கையில் தொங்கிப் பறக்கும் பாராகிளைடரில் மோட்டார் பொருத்திய ஒன்றும் மோதியதில் இரு விமானிகளும் இறந்தனர். ஐரோப்பாவில் 2004 முதல் பரவிய ஃபிளார்ம் என்னும் மோதல் எச்சரிக்கைக் கருவியை அங்குள்ள கிளைடர்கள் பரவலாகச் சுமக்கின்றன. இங்கே அமெரிக்காவில், டிரான்ஸ்பாண்டர் சமிக்ஞையோ, தன் இடத்தைத் தானே அறிவிக்கும் ஏடிஎஸ்-பி சமிக்ஞையோ அனுப்புவோர் மட்டுமே ஐபேடில் தெரிவார்கள். ஹேங் கிளைடர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வெறும் திரைக்கு “யாரும் இல்லை” என்று பொருள் கொள்ளக் கூடாது. “சமிக்ஞை அனுப்புவோர் இல்லை” என்பதே அதன் பொருள்.

ஆகவே நான் இப்போது ஆளைத் தேடச் சொல்வதற்கு முன் இடத்தைத் தேடச் சொல்கிறேன். எஞ்சின் இல்லாதவர் மேலெழும் காற்று இருக்கும் இடத்தில்தான் நீடித்துப் பறக்க முடியும்; அந்த இடத்தைப் புறப்படும் முன்பே கணித்துவிடலாம். மேற்கிலிருந்து காற்று வலுத்து வீசும் பிற்பகலில், கடலைப் பார்த்த குன்றுகளின் முகப்பில் அவர்கள் இருப்பார்கள்: ஃபன்ஸ்டனில் ஹேங் கிளைடர்கள், தெற்கே மசல் ராக்கில் பாராகிளைடர்கள். உள்நாட்டில், வெயிலேறிய மலைச்சரிவின் மேலும், பஞ்சு மேகங்களின் அடியிலும், பருந்துகள் இறக்கை அசைக்காமல் வட்டமிடும் இடத்திலும் எதிர்பார்க்கலாம். விமான வரைபடங்களில் ஹேங் கிளைடர் குறியீடு அச்சிடப்பட்டிருக்கிறது. அதைப் பென்சிலால் வட்டமிடாமல் என் மாணவர் எவரும் இப்போது கிளம்புவதில்லை. ஒருவரைக் கண்டால் இன்னும் மூவர் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். முகப்பு விளக்கைப் பகலிலும் எரியவிடுவதும், திரும்பும் முன் அந்தப் பக்க இறக்கையைச் சற்றே உயர்த்திப் பார்ப்பதும் செலவில்லாத பழக்கங்கள்.

கடற்கரையிலிருந்து ஒரு மைல் தள்ளிப் போவதுதான் என் முதல் தேர்வு. ஆனால் ஒற்றை எஞ்சின் நின்றுபோனால் கரைக்குத் திரும்ப உயரம் வேண்டும். செஸ்னா 172 ஆயிரம் அடிக்குச் சுமார் ஒன்றரை கடல் மைல் சறுக்கும். எதிர்க்காற்று அதைக் குறைக்கும். எனவே 1,500 அடிக்கு மேகம் இடம் தராத நாளில், அந்தப் பயணத்தை ரத்து செய்துவிட்டு, ஓடுபாதையைச் சுற்றித் தரையிறங்கும் பயிற்சி கொடுக்கிறேன். மாணவர்கள் முகம் சுளிப்பது உண்மைதான்.

அன்று நடந்ததை, நாசா நடத்தும் விமானப் பாதுகாப்பு அறிக்கை அமைப்புக்கு அன்றிரவே எழுதி அனுப்பினேன். 1976 முதல் இயங்கும் அந்த அமைப்பு, எழுதுபவரின் அடையாளத்தை நீக்கிவிட்டே பயன்படுத்துகிறது. உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், உயரம், காற்று, மேகம், எந்தப் பக்கத்திலிருந்து முதலில் தெரிந்தது ஆகியவற்றை விமானத்தைவிட்டு இறங்கியதும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நான் இரவு எழுத உட்கார்ந்தபோது, ஆரஞ்சுத் துணி நினைவிருந்த அளவுக்கு எங்கள் உயரம் நினைவில்லை.