கை தூக்கியது போதும், எழுதிக் கொடுங்கள்

மணலிப் பக்கத்துக் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் ஒருவர் போன வாரம் கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார். ஏதோ ஓர் ஆலையின் விரிவாக்கத்துக்காக நடந்த கருத்துக் கேட்புக் கூட்டம். "எங்கள் தெருவில் பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுத்த பட்டறை இருந்ததே, அந்த இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்" என்று ஒருவர் மைக்கில் கேட்க, மண்டபமே கை தூக்குகிறது. "ஓட்டு எங்களுக்குத்தான் சார். ஆனால் இரண்டு மழைக்காலம் போய்விட்டது, ஓர் அதிகாரி கூட எட்டிப் பார்க்கவில்லை" என்றார்.

மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கலந்த நச்சை ஆய்வு செய்வது என் தொழில். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இதே பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வாக்கெடுப்பு கிடையாது. ஓர் ஆலையால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று முன்கூட்டியே மதிப்பிடச் சொல்லும், மத்திய அரசின் 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையைப் படித்துப் பாருங்கள். மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்குவார். குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கே அதில் இல்லை. ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்று எண்ணி முடிவு சொல்லும் அதிகாரமும் அந்தக் கூட்டத்துக்கு இல்லை. மக்கள் எழுப்பிய பிரச்சினை என்ன, நிறுவனம் சொன்ன பதில் என்ன என்பதுதான் பதிவாகும். ஐந்நூறு பேர் கை தூக்கினாலும் அந்தக் குறிப்பில் ஒரு வரிதான். "எங்கள் வீட்டுக் கிணறு ஆலைச் சுவரிலிருந்து நூறு அடியில் இருக்கிறது, மதிப்பீட்டு அறிக்கையில் அந்தக் கிணற்றைச் சோதிக்கவே இல்லை" என்று ஒரே ஒருவர் எழுதிக் கொடுத்தால், அதற்கு நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்து விளக்க வேண்டும் என்பதும் விதி. அதற்குள் பாதிப் பேர் பஸ் ஏறப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து உட்கார்ந்திருங்கள். நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டம் அந்த ஆலைக்காக நடப்பது. வேறொருவர் விட்டுச்சென்ற பேட்டரிப் பட்டறையைப் பற்றி அங்கே எவ்வளவு உரக்கப் பேசினாலும், அந்த இடத்துக்கான கோப்பு திறக்காது.

அமெரிக்காவில் வாக்கெடுப்பு நடத்தியே நச்சுக் கழிவை அகற்றினார்கள் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வாக்கெடுப்பு நடந்தது உண்மைதான். 1986 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநில மக்கள், நச்சுக் கழிவு கிடக்கும் இடங்களைத் தேடிப் பட்டியலிட்டுக் காலக்கெடுவுக்குள் சீரமைக்கும் கடமையை அரசுக்கு விதித்தார்கள். அதே மாதம் நியூயார்க் மாநிலத்தில் 145 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு மக்கள் ஒப்புதல் தந்தார்கள். அதில் 120 கோடி டாலர் இந்த வேலைக்கென்றே ஒதுக்கப்பட்டது. அங்கே வாக்கு சட்டமாகவும் பணமாகவும் மாறியது. அப்படியும் வேலை எளிதாக முடிந்துவிடவில்லை. பட்டியல் நீண்டுகொண்டே போக, மாசசூசெட்ஸ் அரசுத் துறையால் சமாளிக்க முடியாமல் 1992இல் சட்டத்தைத் திருத்தி, உரிமம் பெற்ற நிபுணர்களிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். நம் நாட்டில் அப்படியொரு வாக்கெடுப்புக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் கதவு வேறு பக்கம் இருக்கிறது.

2025 ஜூலையில் மத்திய அரசு, மாசடைந்த இடங்களை மேலாண்மை செய்வதற்கான விதிகளை வெளியிட்டது. பொதுமக்களின் புகாரின் பேரிலோ தாமாகவோ, உள்ளாட்சி அமைப்பும் மாவட்ட நிர்வாகமும் மாசு இருப்பதாகச் சந்தேகிக்கப்படும் இடங்களைப் பட்டியலிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். வாரியம் 90 நாட்களுக்குள் முதற்கட்ட ஆய்வை முடிக்க வேண்டும். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். அவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்துகொள்ளும். விதிகள் வந்தபோது நாடு முழுவதும் அடையாளம் காணப்பட்டிருந்த இடங்கள் 103, சீரமைப்பு தொடங்கியிருந்தவை 7. மனு கொடுக்காமல் காத்திருக்கும் இடம் எந்த வரிசையில் நிற்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

விதிவிலக்குகளும் உண்டு. கடலில் கலக்கும் எண்ணெய், திடக்கழிவுக் கிடங்கு ஆகியவை இந்த விதிகளுக்குள் நேரடியாக வராது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தை மூடிய எண்ணெய்க்கும், கொடுங்கையூரில் 66 லட்சம் டன் பழைய குப்பையைப் பிரித்தெடுக்கும் வேலைக்கும் வழி வேறு. எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதினால் எதுவுமே நகராது.

அந்தப் பட்டறை இடத்தை நேரில் போய்ப் பார்த்தேன். கட்டட இடிபாட்டு ரப்பிஷ் கொட்டி, மேலே கிராவல் பரப்பியிருக்கிறார்கள். காலால் கிளறினால் நகக்கண் அளவுக் கறுப்புப் பிளாஸ்டிக் சில்லுகள், அதன் கீழே சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பான மண். சுவரோரம் மழைநீர் ஓடிய தடத்தில் கிராவல் முழுவதும் அரித்துப் போயிருந்தது. "மூடிவிட்டோமே சார்" என்கிறார்கள். ஈயம் மக்கிப் போகாது. பேட்டரி அமிலம் ஊறிய மண்ணில் அது கீழ்நோக்கியும் இறங்கும். இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் இதற்குச் சாட்சி. ஆலை நின்று பல ஆண்டுகள் ஆகியும் குரோமியம் என்ற நச்சு உலோகம் கசிவது நிற்கவில்லை.

ஆகவே மனு எழுதுங்கள். சர்வே எண், பட்டறை நடந்த காலம், என்ன தொழில் என்பது, பக்கத்துக் கிணறுகள், புகைப்படங்கள். மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு ஒன்று, ஆட்சியருக்கு ஒன்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு நகல். மணலி 2018 முதல் சென்னை மாவட்டம். மீஞ்சூர், அத்திப்பட்டு திருவள்ளூர் மாவட்டம். தவறான ஆட்சியரிடம் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அதுவரை வீட்டில் கவனமாக இருங்கள். அந்த மண்ணைத் தோட்டத்துக்கு அள்ளாதீர்கள். வீட்டைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் ஈயம் போகும் என்று யாரோ சொன்னதை நம்பாதீர்கள். நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். சாப்பிடும் முன் குழந்தைகளின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த இடத்தில் விளையாடிய குழந்தை இருந்தால் ரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதிக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. வெளியே அறிகுறி தெரியும் வரை காத்திருக்க வேண்டாம். அளவு கூடுதலாக இருந்தால், பெயரை மறைத்து அறிக்கையின் நகலை மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.